சடங்கு இல்லாத உறவு

மனித உறவுகள் பெரும்பாலானவற்றுக்கு அவற்றை வெளியிலிருந்து தாங்கி நிற்கும் கட்டு ஒன்று உண்டு. கணவன் மனைவி உறவுக்குத் தாலியும் சட்டமும், பெற்றோர் பிள்ளை உறவுக்குக் குருதியும் சொத்துரிமையும், மாமன் மைத்துனர் உறவுக்குச் சீரும் செய்முறையும் துணை நிற்கின்றன. காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும், வளைகாப்புக்குப் பிறந்த வீட்டார் வர வேண்டும், சாவு வீட்டில் கோடித்துணி இன்னார் போட வேண்டும் என்றெல்லாம் வழக்கம் வரையறுத்து வைத்திருப்பதால், மனத்தாங்கல் உள்ள உறவினர்கள்கூட ஆண்டுக்குச் சில முறையாவது ஒரே பந்தியில் உட்கார நேர்கிறது. நட்புக்கு இத்தகைய கட்டு எதுவும் இல்லை. திருமணச் சடங்கில் ‘மாப்பிள்ளைத் தோழன்’ என்று பெயரளவில் நண்பனுக்கு உரியதாகத் தோன்றும் இடத்தைக்கூடப் பல சமூகங்களில் மணப்பெண்ணின் உடன்பிறந்தானுக்கே கொடுத்திருக்கிறார்கள். உயிர்த்தோழன் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பான்.

வராவிட்டால் ஊர் கேட்காது, முறிந்தால் பஞ்சாயத்துக் கூடாது, பிரிந்தால் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை என்ற நிலையில் இருக்கும் ஒரே நெருங்கிய உறவு நட்பு. அதனால்தான் அது முழுக்க முழுக்க விருப்பத்தால் மட்டுமே இயங்குகிறது; அதே காரணத்தால்தான் சண்டையோ வருத்தமோ இல்லாமல், எந்த நாளில் முடிந்தது என்றுகூடத் தெரியாமல் முடிந்தும் போகிறது. நல்ல நண்பர் யார் என்ற கேள்விக்கு அற நூல்கள் நிறையவே விடை கூறியுள்ளன. கிடைத்த நல்ல நண்பரை எவ்வாறு தக்கவைத்துக்கொள்வது என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சடங்கு இல்லாத இந்த உறவில் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் கூடுதல் உழைப்புத் தேவைப்படுகிறது.

சொற்கள் சொல்லும் செய்தி

நட்பைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களே அதன் இயல்பைப் பற்றிச் சில செய்திகளைத் தருகின்றன. ‘நட்பு’ என்பது ‘நள்ளுதல்’ என்ற பழைய வினையோடு தொடர்புடையது; அடைதல், செறிதல், நட்புக்கொள்ளுதல் என்பன அதன் பொருள்கள். ‘கேண்மை’ என்பதன் அடியாகிய ‘கேள்’ என்னும் சொல் உறவினரையும் நண்பரையும் ஒருசேரக் குறித்தது என்பதால், பழந்தமிழர் இவ்விரண்டுக்கும் இடையே உயர்ந்த மதில் எதையும் எழுப்பவில்லை என்று கொள்ளலாம். ‘சினேகிதம்’ என்பதன் மூலமான வடசொல்லுக்கு அன்பு என்ற பொருளோடு எண்ணெய் என்ற பொருளும் உண்டு. தென்மாவட்டங்களின் ‘சேக்காளி’, இலங்கையிலும் பரவலாக வழங்கும் ‘கூட்டாளி’, சென்னைத் தெருக்களின் ‘தோஸ்து’ ஆகியவை பேச்சுவழக்கு சேர்த்துக்கொண்டவை.

இவற்றைக் காட்டிலும் கவனத்துக்குரியது, நண்பர்கள் ஒருவரையொருவர் விளிக்கும் முறை. தமிழ் இளைஞர்கள் தங்கள் நெருங்கிய தோழனை ‘நண்பா’ என்பதைவிட ‘மச்சான்’ என்றும் ‘மாப்ளே’ என்றுமே அதிகம் அழைக்கிறார்கள். தமிழ் உறவுமுறையில் மாமன் மகனாகவோ அத்தை மகனாகவோ அமையும் மச்சான், கேலிக்கும் கிண்டலுக்கும் உரிமை பெற்றவன். அண்ணனிடமும் சித்தப்பாவிடமும் அடக்கிப் பேச வேண்டியவற்றை அவனிடம் வாய்விட்டுப் பேசலாம், அவன் செய்யும் பரிகாசத்துக்குக் கோபித்துக்கொள்வது முறையாகாது. மானிடவியலார் இத்தகைய உறவைக் ‘கேலியுறவு’ என்று வகைப்படுத்துகிறார்கள். அதாவது, கேலி செய்வது குற்றமாகக் கருதப்படாமல் உரிமையாகவே ஏற்கப்படும் உறவு. தனக்கென்று சடங்கோ முறைப்பெயரோ இல்லாத நட்பு, உறவுமுறைகளுள் எதைக் கடன் வாங்கலாம் என்று தேடியபோது, கண்டிப்பும் மரியாதையும் மிகுந்த முறைகளை விட்டுவிட்டு, உரிமையும் சிரிப்பும் மிகுந்த மச்சான் முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது தற்செயல் அன்று. நண்பனின் தாய் ‘அம்மா’ ஆவதும், நண்பனின் குழந்தைகளுக்கு இவன் ‘மாமா’ ஆவதும் அந்தக் கடனின் தொடர்ச்சியே.

நட்பு பிறக்கும் மூன்று வாயில்கள்

திருக்குறளின் பொருட்பாலில் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என 79 முதல் 83 வரையுள்ள ஐந்து அதிகாரங்கள், அதாவது 50 குறட்பாக்கள், இந்தப் பொருளுக்கென்றே அமைந்துள்ளன. அவற்றுள் ஓரிடத்தில், நட்புக்குச் சேர்ந்திருப்பதும் பழகுவதும் கட்டாயத் தேவைகள் அல்ல, உணர்வு ஒத்திருத்தலே நட்பின் உரிமையைத் தந்துவிடும் என்ற கருத்து வருகிறது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், சேர்ந்திருப்பதைக் குறிக்கக் குறள் ஆளும் ‘புணர்ச்சி’ என்பதை ஒரே நாட்டினராக இருத்தல் என்றும், பழகுதல் என்பதைப் பலமுறை கண்டும் பேசியும் நெருங்குதல் என்றும் விளக்குகிறார். இருக்கும் இடம், பழகும் காலம், ஒத்த உணர்வு என்று இவற்றை மூன்று வாயில்களாகக் கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் சமூக உளவியலும் ஏறத்தாழ இதே மூன்று வாயில்களைத்தான் தனித்தனியே அளந்து பார்த்திருக்கிறது.

முதலாவதாகிய இடத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் திருமணமான மாணவர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பில் நடைபெற்றது. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பாக் ஆகிய மூவரும் 1950-இல் நூலாக வெளியிட்ட அந்த ஆய்வின்படி, அடுத்த கதவில் வசித்தவர்களில் 41 விழுக்காட்டினர் நெருங்கிய நண்பர்களாகக் குறிப்பிடப்பட்டனர். ஒரு வீடு தள்ளி வசித்தவர்களிடம் அது 22 விழுக்காடாகவும், அதே தளத்தின் மறுகோடியில் வசித்தவர்களிடம் 10 விழுக்காடாகவும் குறைந்தது. மாடிப்படிக்கும் அஞ்சல் பெட்டிகளுக்கும் அருகே குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்கள், ஏனெனில் மேலே போவோரும் கீழே வருவோரும் அவர்கள் வாசலைக் கடந்தாக வேண்டியிருந்தது. தெருக்குழாயடியும் வீட்டுத் திண்ணையும் தேநீர்க்கடை பெஞ்சும் காலங்காலமாகச் செய்துவந்த வேலையை அந்த மாடிப்படி செய்தது எனலாம். குணம் பார்த்து நண்பர்களைத் தேர்ந்தெடுப்பதாக மனிதர்கள் நம்பினாலும், யாரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புண்டு என்பதைப் பெரும்பாலும் வாசல்தான் முடிவு செய்கிறது.

இரண்டாவதாகிய காலத்தை, கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் மணிக்கணக்கில் அளந்தார். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் கொண்டு அவர் கண்டறிந்தபடி, வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரமும், அது நட்பு என்று சொல்லத்தக்க நிலையை எட்ட ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நட்பாக முதிர 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. பள்ளி, கல்லூரி நட்புகள் ஏன் அவ்வளவு ஆழமாக வேர்விடுகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை. விடுதியில் ஒரே அறையில் தங்கும் இரு மாணவர்கள் இந்த 200 மணி நேரத்தை முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே கடந்துவிடுவார்கள். வாரம் ஒரு மணி நேரம் மட்டுமே சந்திக்கக்கூடிய நாற்பது வயதினர் இருவருக்கு அதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடிக்கும். நடுவயதில் புதிய நண்பர்கள் கிடைப்பதில்லை என்று வருந்துவோர் தங்கள் குணத்தைக் குறைசொல்லிக்கொள்வதற்கு முன், தங்கள் நாட்குறிப்பைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதாகிய உணர்வொப்புக்குப் பரிமேலழகர் காட்டும் சான்று, உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆந்தையாரும் ஒருவரையொருவர் பாராமலேயே கொண்டிருந்த நட்பு. முதல் இரண்டு வாயில்களும் அடைபட்டிருந்தும் மூன்றாவது வாயில் வழியாகவே நுழைந்த நட்பு என்பதால்தான் அது இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. பெரும்பாலோருக்கு இடமும் காலமும்தான் நண்பரை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துகின்றன. உள்ளே அழைப்பதா, வாசலோடு அனுப்பிவிடுவதா என்பதை உணர்வொப்பு தீர்மானிக்கிறது.

நல்ல நண்பரின் அடையாளங்கள்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளை நட்புக்கே ஒதுக்கி, பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்குணம் கருதிய நட்பு என்று அதை மூன்றாக வகுத்தார். முதல் இரண்டும் தீயவை என்று அவர் கூறவில்லை. பயனோ இன்பமோ தீர்ந்தவுடன் அவையும் தீர்ந்துவிடும் என்பதே அவர் கருத்து. அலுவலக நண்பர் பணிமாற்றத்தோடு மறைவதும், ரயிலில் நாள்தோறும் சீட்டாடும் குழு ஓய்வுபெற்றவுடன் கலைவதும் நம்பிக்கைத் துரோகம் ஆகா. அந்த நட்புகள் தமக்குரிய ஆயுளை வாழ்ந்து முடித்தன, அவ்வளவே. மூன்றாம் வகை நட்பிடம் எதிர்பார்க்க வேண்டியதை முதல் இரு வகை நட்புகளிடமும் எதிர்பார்க்கும்போதுதான் மனக்கசப்பு பிறக்கிறது.

மூன்றாம் வகை நண்பரை அடையாளம் காணத் திருவள்ளுவர் தரும் அளவுகோல்கள் மூன்று. சிரித்து மகிழ்வது மட்டும் நட்பின் நோக்கம் ஆகாது, வழி தவறும்போது முந்திச் சென்று இடித்துரைப்பதும் அதன் கடமை என்பது முதலாவது. அவையில் ஒருவனுடைய ஆடை நழுவும்போது அவன் கை கட்டளைக்குக் காத்திராமல் ஓடிச்சென்று பற்றுவதைப் போல, துன்பம் வந்தபோது கேட்பதற்கு முன்பே உதவும் விரைவு இரண்டாவது. கேடு வந்த காலமே நண்பர்களை நீட்டி அளக்கும் கோல் ஆகிறது என்பது மூன்றாவது. இவற்றுள் இடித்துரைத்தலை முதன்மையாகக் கருதும் மரபு அக இலக்கியத்திலும் தொடர்கிறது. தொல்காப்பியம் செவிலித்தாயின் மகள் என்று வரையறுக்கும் தோழி, தலைவியின் சொல்லுக்குத் தலையாட்டும் பணிப்பெண் அல்லள். தலைவனைச் சோதிப்பவளும், காலம் தாழ்த்தும்போது அவனைக் கடிபவளும், களவு வாழ்க்கையை வீட்டாருக்கு உரிய நேரத்தில் வெளிப்படுத்தும் ‘அறத்தொடு நிற்றல்’ என்ற இக்கட்டான கடமையைத் தலைவியின் நன்மைக்காக ஏற்பவளும் அவளே.

துன்பத்தில் உதவுவதை நட்பின் அளவுகோலாக மரபு கொண்டிருக்க, மகிழ்ச்சியிலும் ஓர் அளவுகோல் உண்டு என்பதை உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடன் பணிபுரிந்தோரும் 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. ஒருவர் தமக்குக் கிடைத்த நற்செய்தியைச் சொல்லும்போது, கேட்பவர் ஆர்வத்தோடு மேலும் கேட்டு அந்த மகிழ்ச்சியில் கலந்துகொண்டால் உறவு வலுப்பெறுகிறது. பட்டும் படாமலும் பாராட்டிவிட்டுப் பேச்சை மாற்றினாலோ, அதிலுள்ள குறையை எடுத்துக் காட்டினாலோ உறவு தளர்கிறது. பதவி உயர்வு கிடைத்ததைச் சொல்லும் நண்பரிடம் ‘எப்போது தெரிந்தது, முதலில் யாரிடம் சொன்னீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள்’ என்று கேட்பவருக்கும், ‘நல்லது, ஆனால் இனி ஊர் ஊராக மாற்றுவார்களே’ என்பவருக்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், அடுத்த நற்செய்தி இவ்விருவருள் யாரிடம் முதலில் போகும் என்பதை அந்தச் சிறு வேறுபாடே முடிவு செய்கிறது. இரங்குவதற்குக் கருணை போதும். பிறர் ஏற்றத்தைக் கண்டு மகிழ்வதற்குப் பொறாமையற்ற மனம் தேவைப்படுவதால், பின்னதே அரிதாகக் கிடைக்கிறது.

உணர்வு ஒத்திருத்தல் என்பதைக் கருத்து ஒத்திருத்தல் என்று பொருள்கொள்ளக் கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டுப் பொதுவாழ்வே சான்று தருகிறது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியும் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்த பெரியாரும் காங்கிரசில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். பின்னர் கடவுள், சாதி, மொழி, ஆட்சி என எல்லாவற்றிலும் எதிரெதிர்த் திசைகளில் நின்றவர்கள். ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சாடி மாநிலமெங்கும் கிளர்ச்சி நடத்தியவர் பெரியார். 1954-இல் ராஜாஜி பதவி விலகவும் நேர்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தம் வாழ்வின் மிகத் தனிப்பட்ட முடிவாகிய மணியம்மையுடனான திருமணம் குறித்துப் பெரியார் 1949-இல் திருவண்ணாமலைக்குச் சென்று கலந்துபேசியது ராஜாஜியிடம்தான். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார். இருவரும் கொள்கையில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும், எதிர்த்தரப்பில் நிற்பவரின் நேர்மையை ஐயுறாமல் இருப்பது எவ்வளவு நீண்ட நட்பையும் தாங்கும் என்பதை அரை நூற்றாண்டுக் காலம் காட்டினார்கள்.

பழைமை என்னும் உரிமை

திருக்குறளின் ஐந்து அதிகாரங்களுள் இன்றைய வாசகர் பெரிதும் கவனிக்காமல் கடந்துபோவது பழைமை. பழைமை என்பது இங்கே பழையதாக இருத்தல் அன்று. நெடுநாள் பழகியதால் நண்பர் எடுத்துக்கொள்ளும் உரிமையும், அதைப் பிழையாகக் கருதாத பெருந்தன்மையும் ஆகும். இந்த உரிமையைக் ‘கெழுதகைமை’ என்று குறள் குறிப்பிடுகிறது. கேளாமலே ஒரு செயலைச் செய்துவிடுவது, சொல்லாமல் வந்து நிற்பது, ‘சாப்பிட என்ன இருக்கிறது’ என்று அடுப்படிக்கே சென்று பாத்திரத்தைத் திறந்து பார்ப்பது ஆகியவை அயலார் செய்தால் அத்துமீறல், பழைய நண்பர் செய்தால் கெழுதகைமை. நண்பர் வருத்தம் தரும் ஒன்றைச் செய்துவிட்டால், அதை அறியாமையால் செய்தார் என்றோ மிகுந்த உரிமையால் செய்தார் என்றோ கொள்ள வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் சாரம். நட்பாராய்தலை அடுத்துப் பழைமையை வைத்து, தொடங்கும்போது ஆராய்ந்து தொடங்கு, தொடங்கிய பின் ஆராயாதே என்று உணர்த்தும் இந்த வரிசைமுறை ஆழமான நடைமுறை அறிவு கொண்டது. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, யாரென்று பாராமல் நெருங்கிவிட்டு, நெருங்கிய பின் சொல்லுக்குச் சொல் உரசிப் பார்க்கிறார்கள்.

உரிமைக்கு நேர் எதிரானது கணக்கு. திருமண வீட்டு வாசலில் வைக்கும் மொய் நோட்டு உறவினர் வட்டத்துக்குப் பொருத்தமான கருவி. ஒருவர் 500 ரூபாய் எழுதியிருந்தால் அவர் வீட்டு விசேடத்தில் அதற்குக் குறையாமல் எழுத வேண்டும் என்பதால் உறவு தொடர்ந்துகொண்டே இருக்கும். நட்பில் அதே நோட்டைத் திறந்தால் விளைவு வேறு. உளவியலாளர்கள் மார்கரெட் கிளார்க்கும் ஜட்சன் மில்ஸும் 1979-இல் இந்த இருவகை உறவுகளையும் பரிமாற்ற உறவு, பகிர்வு உறவு என்று பிரித்துக் காட்டினார்கள். முன்னதில் கொடுத்ததற்கு ஈடு திரும்பி வர வேண்டும். பின்னதில் தேவைக்கேற்ப கொடுப்பதே முறை. பகிர்வு உறவை விரும்பும் ஒருவர் செய்த உதவிக்கு உடனடியாக ஈடுகட்டினால் அவருடைய விருப்பம் கூடுவதற்கு மாறாகக் குறைகிறது என்பதும் அவர்களுடைய சோதனையில் தெரியவந்தது. மருத்துவமனைக்கு நள்ளிரவில் அழைத்துச் சென்ற நண்பரிடம் மறுநாள் காலையில் பெட்ரோல் செலவை நீட்டுவது நன்றியறிதல் ஆகாது; கடனை அடைத்துவிட்டு விலகிக்கொள்ளும் செயலாகவே அது அவருக்குத் தோன்றும்.

ஆனால், பணத்துக்கு மட்டும் இந்த விதியை அப்படியே பொருத்துவது ஆபத்தானது. எழுத்தும் வட்டியும் இல்லாமல் நம்பிக்கையின்பேரில் கொடுக்கும் கைமாற்றும், வங்கிக் கடனுக்கு நண்பருக்காகப் போடும் ஜாமீன் கையெழுத்தும் முறித்த நட்புகளின் எண்ணிக்கை, சண்டை முறித்தவற்றைவிடக் குறைவாக இருக்காது. அதில் வாங்கியவரின் தீய எண்ணம் அரிதாகவே காரணமாகிறது. திருப்பித் தர இயலாதவர் வெட்கத்தால் கொடுத்தவரைச் சந்திப்பதைத் தவிர்க்கிறார், கொடுத்தவர் கேட்டால் தவறாகிவிடுமோ என்று தயங்கித் தாமும் ஒதுங்குகிறார், இரண்டு மௌனங்களும் சேர்ந்து பணத்தோடு நட்பையும் கொண்டுபோகின்றன. இழக்கத் தாங்கும் தொகையை மட்டும் கொடுப்பது, கொடுத்தபின் அது வராது என்றே எண்ணிக்கொள்வது, தாங்காத தொகையாயின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது ஆகியவை அனுபவம் மிக்கவர்கள் கைக்கொள்ளும் வழிகள். நயமாகச் சொன்ன மறுப்பு ஒரு வாரம் வலிக்கும். விழுங்கிய கோபம் ஆண்டுக்கணக்கில் வலிக்கும்.

தேய்வு எவ்வாறு நிகழ்கிறது

நட்பு முறிவதைக் காட்டிலும் தேய்வதே மிகுதி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மானிடவியலாளர் ராபின் டன்பார், ஒரு மனிதரால் ஒரே காலத்தில் பேணத்தக்க உறவுகள் சுமார் 150 என்றும், அவை மிக நெருங்கிய ஐவர், நெருங்கிய 15 பேர், நண்பர்கள் 50 பேர், தொடர்பில் இருப்போர் 150 பேர் என ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்கள் என்றும் கூறுகிறார். உள்வட்டத்தில் இருப்போர் அங்கேயே நிலைத்திருப்பதில்லை. தொடர்பு குறையக் குறைய அடுத்தடுத்த வட்டங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள். டன்பாரும் சக ஆய்வாளர் சாம் ராபர்ட்ஸும், பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் சென்ற பிரிட்டிஷ் இளைஞர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர். உறவினர்களுடனான நெருக்கம் தொடர்பு குறைந்தபோதும் பெரிதாகத் தளரவில்லை. நண்பர்களுடனான நெருக்கமோ முயற்சி எடுத்த இடங்களில் மட்டுமே தங்கியது. பெண்களின் நட்பைப் பேச்சும், ஆண்களின் நட்பைச் சேர்ந்து ஏதேனும் செய்வதும் காத்தன என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு.

தமிழ்ச் சூழலில் இந்தத் தேய்வு ஆண்களையும் பெண்களையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. திருமணத்துக்குப் பின் கணவன் ஊருக்குப் பெயரும் பெண், இடம், காலம் ஆகிய இரண்டு வாயில்களையும் ஒரே நாளில் இழக்கிறாள். கணவனின் நண்பர்கள் ‘குடும்ப நண்பர்கள்’ ஆகிறார்கள். மனைவியின் தோழிகள் அழைப்பிதழ்ப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், சேமிப்புக்கும் கடனுக்கும் என்றே உருவாக்கப்பட்டவையாயினும், குறித்த நாளில் குறித்த இடத்தில் கூடியாக வேண்டும் என்ற விதியால், மணமாகி வந்த ஊரில் பெண்கள் புதிய தோழமையைப் பெறுவதற்கும் வழி செய்தன. பெண்கள் வெளியே கூடிப் பேசுவதற்குக் காரணம் கேட்கும் வீடுகளில், ‘குழுக் கூட்டம்’ என்பது யாரும் மறுக்க முடியாத காரணமாயிற்று.

ஆண்களின் நிலை வேறு வகையில் பலவீனமானது. சேர்ந்து பந்து விளையாடவும், சேர்ந்து படம் பார்க்கவும், சேர்ந்து ஊர் சுற்றவும் பழகிய நட்பு, அந்தச் செயல்கள் நின்றவுடன் பேசுவதற்கு எதுவும் இல்லாமல் நின்றுவிடுகிறது. பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் மீண்டும் கூடும்போது முதல் வாரம் பழைய நினைவுகளால் நிரம்பி வழிவதும், மூன்றாம் மாதம் காலை வணக்கப் படங்களும் அரசியல் காணொளிகளும் மட்டுமே எஞ்சுவதும் பலரும் அறிந்த காட்சி. எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் வாழ்த்து ஒருவருக்கும் அனுப்பியதாகாது என்பதை அனுப்புபவரும் பெறுபவரும் உள்ளூர அறிவார்கள்.

இந்தத் தேய்வின் விலை மனவருத்தத்தோடு நிற்பதில்லை. ஆய்வாளர்கள் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் முதலியோர் 148 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,08,849 பேரின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2010-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, வலுவான சமூக உறவுகள் உடையோருக்கு அவை இல்லாதோரைவிட உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம் என்று காட்டியது. தனிமைக்கென்றே பொறுப்பு அமைச்சரைப் பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் நியமித்தன.

சடங்கை உண்டாக்குதல்

உறவைச் சடங்கு காக்கிறது, நட்பைச் சடங்கு காக்கவில்லை என்றால், அதைக் காக்க விரும்புவோர் தங்களுக்கென்று சடங்கை உண்டாக்கிக்கொள்வதே இயல்பான வழி. 2011-இல் ஐக்கிய நாடுகள் அவை ஜூலை 30-ஐ உலக நட்பு நாளாக அறிவித்ததும், இந்தியாவில் ஆகஸ்டு முதல் ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டிக்கொள்வதும் பொது அளவில் செய்த முயற்சிகள். ஆனால், ஊரார் அனைவருக்கும் பொதுவான நாளைவிட இருவருக்கு மட்டுமே உரிய நாள் வலிமை உடையது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஒரு குறிப்பிட்ட கடையில் காப்பி, ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவின் ஒரு நாள் ஒருவர் வீட்டில் சாப்பாடு, ஞாயிறு காலை கைப்பேசியில் அரை மணி நேரம் என்று எதுவாயினும், நாள் முன்கூட்டியே முடிவாகியிருந்தால் ஒவ்வொரு முறையும் யார் அழைப்பது, யாருக்கு நேரம் இருக்கிறது என்ற தயக்கம் எழுவதில்லை. ‘ஒருநாள் சந்திப்போம்’ என்ற சொல்லில் உள்ள ஒருநாள், நாட்காட்டியில் எந்தத் தாளிலும் அச்சாவதில்லை.

நெடுநாள் தொடர்பற்றுப் போன நண்பரை மீண்டும் அழைப்பதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் கூச்சமே. இத்தனை ஆண்டு கழித்து அழைத்தால் காரியம் ஏதோ இருக்கிறது என்று நினைப்பாரோ என்ற எண்ணம் கையைத் தடுக்கிறது. ஆய்வாளர்கள் பெகி லியூ முதலியோர் 2022-இல் வெளியிட்ட, 5,900-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற தொடர் சோதனைகள், இவ்வாறு எதிர்பாராமல் வரும் சிறு அழைப்பைப் பெறுபவர் எவ்வளவு மகிழ்கிறார் என்பதை அழைப்பவர் குறைத்தே மதிப்பிடுகிறார் என்று காட்டின. ‘உங்கள் ஊர் வழியாகப் பேருந்தில் போகிறேன், நினைவு வந்தது’ என்ற ஒற்றைச் செய்திக்கு நீண்ட விளக்கம் எதுவும் முன்னுரையாகத் தேவையில்லை.

மற்ற வழிகள் எளியவை. நண்பரின் பெற்றோர் இறந்த செய்தி கிடைத்தால், வேலைகளுக்கிடையே நேரம் ஒதுக்கி நேரில் போய் நிற்பது. கல்யாணத்துக்குப் போகாத குறை ஆறிவிடும், துக்கத்துக்குப் போகாத குறை ஆறுவதில்லை என்பது ஊரறிந்த உண்மை. நண்பர் நம்பிச் சொன்னதைத் தன் வீட்டாரிடமும் சொல்லாமல் காப்பது இன்னொன்று. மனம் புண்பட்டால், மூன்றாமவரிடம் சொல்வதற்கு முன் புண்படுத்தியவரிடமே சொல்ல வேண்டும். தவறு தன்னுடையது என்றால், காரணம் அடுக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா நட்பையும் காத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. தனியே இருக்கும்போது அணைத்துக்கொண்டு அவையில் பழிப்பவரையும், செய்யக்கூடிய உதவியைச் செய்ய முடியாததுபோல் காட்டிக்கொள்பவரையும் ஆரவாரமின்றி மெல்ல விட்டுவிடுமாறு குறளே அறிவுறுத்துகிறது. டன்பார் கூறும் உள்வட்டத்தில் இடங்கள் ஐந்தே என்பதால், தகாதவர் ஒருவர் அங்கே அமர்ந்திருப்பது தக்கவர் ஒருவருக்கு இடமில்லாமல் செய்வதாகும்.

இடம் என்பதைக் கோப்பெருஞ்சோழன் சொல்லின் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டான். தன் புதல்வர்களோடு ஏற்பட்ட பூசலால் மனம் வெறுத்து, உணவு துறந்து வடக்குநோக்கி அமர்ந்து உயிர்விடும் ‘வடக்கிருத்தலை’ மேற்கொண்டபோது, பிசிராந்தையார் கட்டாயம் வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். முகம் பாராத ஒருவர் இத்தனை தொலைவிலிருந்து இதற்காக வருவாரா என்று சூழ்ந்திருந்தோர் ஐயுற்றார்கள். அவர் வந்து, ஒதுக்கிய இடத்தில் அமர்ந்தார். அருகிலேயே வாழ்ந்த இன்னொரு நண்பர் பொத்தியாரும் உடன் அமர விரும்பியபோது, அவர் மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்த பின் வருமாறு அரசன் திருப்பி அனுப்பினான். சோழன் இறந்து நடுகல் ஆன பின்பு பொத்தியார் திரும்பி வந்து தம் இடத்தைக் கேட்டுப் பெற்றார் எனப் புறநானூறு கூறுகிறது. வருவாரோ மாட்டாரோ என்று பிறர் ஐயுறும்போதும் ஒருவருக்காக இடம் வைத்திருப்பது, அவருக்கு வேறு கடமை இருக்கும்போது மனம் கோணாமல் அனுப்பிவைப்பது, அவர் பிந்தி வந்தாலும் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்காதிருப்பது ஆகிய மூன்றையும் அந்த நிகழ்வில் காண முடிகிறது. இன்றைய நண்பருக்கு ஒதுக்க வேண்டியது அவ்வளவு பெரிய இடம் அன்று. இரண்டாம் சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரமும், எதிரே ஒரு நாற்காலியும் போதும்.